1959-ஆம் ஆண்டுக்கு ஒரு புகழ்மாலை

1959-ஆம் ஆண்டையும், அந்த ஆண்டில் தமிழ்ப் புத்தகங்களை எடைபோட்ட சாகித்ய அகாதெமியையும் மனமாரப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திருக்கழுக்குன்றத்தில் உட்கார்ந்து அதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஜனவரியில் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு அவருடைய ‘வாடிவாசல்’ புத்தகமாக வந்தது. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யில் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ தலைகாட்டியதும் அந்தக் காலத்தில்தான். பாரதிதாசன் உயிரோடு இருந்தார். பிச்சமூர்த்தி, க.நா.சு., லா.ச.ரா., தி. ஜானகிராமன், கு. அழகிரிசாமி எல்லோரும் நல்ல தெம்போடு எழுதிக்கொண்டிருந்தார்கள். மௌனியும் இருந்தார்.

அந்த ஆண்டு இந்திக்கு விருது உண்டு, ராம்தாரி சிங் தினகர் பெற்றார். கன்னடத்துக்கு உண்டு, யட்சகானம் பற்றிய நூலுக்காகச் சிவராம காரந்த் பெற்றார். தமிழுக்கு இல்லை. 1957-லும் இல்லாமல் இருந்தது. 1959-ல் கண்ட கண்டிப்பு 1960-லும் தளரவில்லை. ஒரு மொழி இத்தனை பேரைப் பெற்று வைத்திருக்கும்போது யாரையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! முகம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அந்த ஆண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஒருவர் முகத்தையும் அவர்கள் பார்க்கவில்லை.

‘வாடிவாசல்’ சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். செல்லாயி கோயில் சல்லிக்கட்டு, ஜமீன்தாரின் காரிக்காளை, அந்தக் காளையின் கொம்புக்குத் தன் அப்பனைப் பறிகொடுத்த பிச்சி. திட்டிவாசல் வழியாகக் காளை முகம் காட்டும் கணத்திலிருந்து மாட்டின் திமிலையும் மனிதனின் பிடியையும் தவிர வேறெதிலும் கண் போகாதபடி செல்லப்பா எழுதியிருக்கிறார். சல்லிக்கட்டை எழுத்தில் பிடித்தது போதாதென்று கேமராவும் கையுமாகப் போய்த் தானே படம் எடுத்தவர் அவர். மாட்டைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார். இப்படிப்பட்ட ஒன்றை அவசரப்பட்டுப் பாராட்டிவிடக் கூடாது என்று அகாதெமி நினைத்தது மிகவும் சரி. 54 ஆண்டு கழித்து, 2013-ல், கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தபோது உலகமே படிக்க நேர்ந்தது. அதுவரை காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

‘எழுத்து’ 1970 வரை வந்தது. ஈழத்துத் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இளைஞர் அதற்குக் கவிதை அனுப்பினார். பசுவய்யா, சி. மணி, வைத்தீஸ்வரன், நகுலன் எல்லோருக்கும் அது வீடு. வெங்கட் சாமிநாதன் விமர்சகராக அறிமுகமானதும் அங்கேதான். 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டி 1962-ல் ‘புதுக்குரல்கள்’ வந்தது. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு எழுத முடியாது. இத்தனைக்கும் செலவு செல்லப்பாவுடையது. புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஓர் எழுத்தாளனின் தோளை இவ்வளவு வலுவாக்கிய நாடு வேறு எங்கே இருக்கும்?

அகாதெமி அவரை மறந்தது என்று சொல்கிறவர்கள் வரலாறு தெரியாதவர்கள். 2001-ல் ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு விருது கொடுத்தார்களே! ‘எழுத்து’ தொடங்கி 42 ஆண்டு ஆகியிருந்தது. செல்லப்பா 1998 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். விருது வாங்க மேடையேறும் சிரமம்கூட அவருக்கு வைக்கவில்லை. இந்தப் பரிவு அவரோடு நிற்கவில்லை. 1954-ல் மறைந்த கல்கிக்கு 1956-ல் கொடுத்தார்கள். 1964-ல் மறைந்த பாரதிதாசனுக்கு 1969-ல் கொடுத்தார்கள். அழகிரிசாமி போன 1970-லேயே அவருக்கு, ஆதவன் போன 1987-லேயே அவருக்கு. இதிலெல்லாம் தாமதமே இல்லை. பிச்சமூர்த்தி, மௌனி, பிரமிள் என்று பெயர் பெற்ற அந்தத் தருமு சிவராமு, சுந்தர ராமசாமி, நகுலன் ஆகியோருக்கு எதையும் வாங்காமலே எழுத முடியும் என்ற பெருமையை அகாதெமி கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தது.

எங்கள் ஊர் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. உச்சிவேளையில் பாறைமேல் சர்க்கரைப்பொங்கலோடு உட்கார்ந்து அழைப்பார்கள். இரண்டு கழுகுகள் இறங்கி வந்து தின்றுவிட்டுப் போகும். கழுகுகள் வருவது நின்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பறவை வானத்தில் வட்டமிடும்போது பொங்கலை வைப்பது திருக்கழுக்குன்றத்து வழக்கம். பறவை போய்விட்டது என்று உறுதியான பிறகு வைப்பது டெல்லி வழக்கம். இரண்டிலும் பொங்கல் உண்டு.

இதே ஊருக்குப் புராணமும் மாலையும் பாடியவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார், 17-ஆம் நூற்றாண்டுக்காரர். பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர். கண் தெரியாதவர். அவர் வள்ளல்களைத் தேடிப் போய்ப் பாடினார் என்றும், யாழ்ப்பாணத்து மன்னன் வரைக்கும் சென்று பரிசில் பெற்று வந்தார் என்றும் சொல்வார்கள். அந்த வள்ளல்களுக்கு விதிமுறையும் தெரியாது, குழு கூட்டவும் தெரியாது. பாடக் கேட்டார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததால்தான் புலவருக்கு அடுத்த வேளைச் சோறு கிடைத்தது. அடுத்த பாட்டும் வந்தது.

புகழ்ந்தது போதும். விருதுக்குழுவில் இருக்கும் ஐயா, அம்மா, உங்கள் முன்னால் இருக்கும் பட்டியலில் எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள் இருப்பார்கள். சொந்தக் காசில் புத்தகம் போட்டு வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். சிற்றிதழில் முதல் கவிதை எழுதியவரும் எங்கேயோ இருப்பார். உயிரோடு இருக்கிறவருக்கு இந்த ஆண்டே கொடுங்கள். அந்தப் பணத்தில் அவர் மருந்து வாங்கட்டும், அடுத்த புத்தகத்துக்குக் காகிதம் வாங்கட்டும். படிக்கிற நீங்களும் குழு முடிவு செய்யட்டும் என்று காத்திருக்காமல், பிடித்த எழுத்தாளரின் ஒரு புத்தகத்தை இந்த மாதமே காசு கொடுத்து வாங்குங்கள்.