வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்

பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழையப் போகிறவனின் பூர்வோத்திரத்தையெல்லாம் துருவிப் பார்க்கும் புண்ணியவான்களே! ஐடிக்காரர்கள் பிஜிவி என்று சுருக்கி அழைக்கும் உங்கள் பின்னணிச் சரிபார்ப்பை வாழ்த்த எங்களுக்கு வயதில்லை.

பெற்றவர்களுக்கே தெரியாததை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். மார்க் ஷீட்டில் எம். செந்தில்குமார். ஆதாரில் செந்தில்குமார் எம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதையாவது போட வேண்டுமே என்று அப்பா பெயரை எழுதியதால், பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் முருகேசன். மூன்றும் ஒரே ஆள் என்று தெருமுனை டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். அவருக்கு என்ன தெரியும்? நீங்கள் மூன்று பேரைப் பார்த்தீர்கள். மூவரும் ஒருவரே என்று முத்திரைத் தாளில், நோட்டரி கையெழுத்தோடு சத்தியம் வாங்கிய பிறகுதான் மனம் இரங்கினீர்கள். நடுவில் 'டியர் முருகேசன்' என்று மின்னஞ்சல் வேறு அனுப்பினீர்களே, அது தனிக் கருணை. ஓய்வுபெற்றுப் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தவருக்கு ஜாவா தெரியுமா என்று நீங்கள் கேட்காததுதான் குறை.

பி.எஃப். விஷயத்தில் உங்கள் கண் இன்னும் கூர்மை. ஆள் போன பிறகும் பழைய கம்பெனி அவன் விலகிய தேதியை அவனுடைய பி.எஃப். கணக்கில் ஏற்றாமல் விட்டுவிடும். சாமானியர் இதை அலுவலகச் சோம்பல் என்பார்கள். நீங்களோ, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கும் கள்ளனைப் பிடித்தீர்கள். சந்தா எந்த மாதத்தோடு நின்றது என்று பாஸ்புக்கைப் புரட்டினாலே விளங்கிவிடும். அப்படி நோகாமல் முடித்துவிட்டால் உங்கள் தொழிலுக்கு என்ன மரியாதை? வேலையை விட்டு 2 மாதம் கழிந்தால் ஊழியரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியும் வசதி 2020 முதல் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் சந்தேகக் குறியாகச் சிவப்பு விழுந்த பிறகுதான் பலர் அதைக் கேள்விப்படுகிறார்கள். இப்படியொரு அறிவொளி இயக்கத்தைக் கட்டணமில்லாமல் நடத்துகிறீர்கள்.

இழுத்து மூடிய கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு, பதில் வராததை அங்கே வேலை பார்த்தவன் கணக்கில் எழுதும் நியாயத்தை என்னவென்று சொல்வது! நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் அவன் பெயரைத் தட்டினீர்கள். எங்கோ ஒரு செந்தில்குமார் பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதி. தகப்பன் பெயர் வேறு, ஊர் வேறு. அதனால் என்ன, பெயரில் ஓர் எழுத்தாவது பிசகியதா?

அமெரிக்கர்களுக்கு இந்த நிதானம் வராது. 1970-ல் ஒரு சட்டம் போட்டு, பிறகு அதைத் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். அறிக்கையைக் காட்டி வேலையை மறுப்பதானால், மறுப்பதற்கு முன்பே அதன் நகலை அந்த ஆளிடம் கொடுத்தாக வேண்டும். தப்பு என்று அவர் எழுதிக் கொடுத்தால், பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரித்து முடிக்க வேண்டும். என்ன அவசரமோ! நம் பையன் நகல் கேட்டபோது, அது ரகசியம் என்று எவ்வளவு பக்குவமாகச் சொன்னீர்கள். அவனைப் பற்றிய செய்தி அவன் காதில் விழுந்தால் மனம் நோகாதா?

கடைசியில் எல்லாவற்றையும் பச்சையாக்கித்தான் கொடுத்தீர்கள். சேர வேண்டிய திங்கட்கிழமை அதற்குள் போய்விட்டது. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். தாமதமாம், முணுமுணுக்கிறான். அடுத்த கம்பெனியில் இந்தப் பச்சை செல்லாது, அங்கே இன்னொரு மகான் முதலிலிருந்து தொடங்குவார் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.