நிஷ்டையில் அமர்ந்த கணினி

கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டுவிட்டதால், கொடை என்றால் ஐந்தாண்டுக்குள் கட்டடம் கண்ணில் பட வேண்டும் என்று பழகிப்போன அவ்வூருக்கு, மானியம் என்னும் சொல்லை விளக்குவது சற்றுக் கடினமே. மானியமாவது, மார்ச் 31க்குள் செலவாகி, செலவானதை உறுதிசெய்யும் தாளாகிய பயன்பாட்டுச் சான்றிதழாக மறுபிறவி எடுக்க வேண்டிய பணம். பள்ளிக்குக் கணினி வாங்கித் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதை ஓட்டும் செலவுக்கு ஐந்தாண்டு வரம்பு வகுத்திருப்பதில் ஒரு கருணை உண்டு: மானியமும் மின்கலமும் ஏறத்தாழ ஒன்றாகவே உயிர்விடும்.

ஆசிரியருக்கான பயிற்சியோ இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு 2019இல் நடுவணரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் நிஷ்டா. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த அச்சொல், தமிழ்ச் செவியில் நிஷ்டை என்றே விழுகிறது. பெருந்தொற்றுக் காலமான 2020இல் பயிற்சி திக்‌ஷா என்னும் இணையத்தளத்துக்குக் குடிபெயர்ந்தபின் அப்பெயர் முழுப் பொருத்தம் பெற்றது. காணொளி ஓடி முடிந்து சான்றிதழ் தோன்றும்வரை கைப்பேசியின் முன் அசையாதிருத்தலுக்கு அதைவிடத் தக்க சொல் மொழியில் இல்லை. (தவம் கலைந்தால் காணொளியை மறுபடி ஓடவிடலாம்; முனிவர்களுக்கு இவ்வசதி இருந்ததில்லை.) சான்றிதழ் பெற்ற ஆசிரியர் வகுப்புக்குத் திரும்பும்போது, கணினி அறையின் சாவி, இருப்புப் பதிவேட்டோடு சேர்ந்து, தலைமையாசிரியரின் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.