ஜீரோ தண்ணியில் கண்ணாடி கழுவலாம் வாங்க: உசிலம்பட்டித் தொழில்முனைவோருக்கு ஒரு கைவிளக்கு

உசிலம்பட்டியில் கண்ணாடி பெருகிவிட்டது. ஜவுளிக்கடை, நகை அடகுக்கடை, திருமண மண்டபம் என்று புதிதாக எழும்புகிற கட்டடத்துக்கெல்லாம் நீலக் கண்ணாடி முகப்புதான் அழகு. கண்ணாடி இருந்தால் புழுதி படியும். புழுதி படிந்தால் கழுவ ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

வாளி, பழைய துணி, செய்தித்தாள், சாரம் எல்லாவற்றையும் தூர எறியுங்கள். வெளிநாட்டில் இந்தத் தொழிலின் பாணியே வேறு. உப்பை முழுக்க எடுத்துவிட்ட தண்ணீரை நீளமான கம்பத்தின் நுனியில் இருக்கும் பிரஷ்ஷுக்கு ஏற்றுகிறார்கள். தரையில் நின்றபடியே மூன்றாவது மாடியைத் தேய்த்து அலசிவிட்டு, துடைக்காமலே நடையைக் கட்டுகிறார்கள். உப்பு இல்லாத தண்ணீர் காய்ந்தால் கறை விழாது. தத்துவம் அவ்வளவுதான். அதை நம் ஊர் வழக்கப்படி நிறுவுவது எப்படி என்று இனி பார்ப்போம்.

1. தண்ணீரைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பணம் கட்டினால் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதித் தருவார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் உப்பு எடுக்கும் இயந்திரம் வாங்க வேண்டும் என்பார்கள். அதெல்லாம் வேலையத்தவர் செய்வது. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ரிப்போர்ட் வந்தாயிற்று. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை சகித்துக்கொள்ளலாம். ‘வேறு வழியே இல்லாத’ என்று எழுதும்போது நம் பக்கம் ஒரு பார்வை பார்த்திருப்பார்களோ என்னவோ.

உங்கள் போர்த் தண்ணீர் 1500 என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியான எண்.

2. போரை இன்னும் ஆழமாகப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் 600 அடி போட்டிருந்தால் நீங்கள் 900. ஆழத்துத் தண்ணீர் பாறைக்குள் அதிக காலம் கிடந்தது. பெரும்பாலும் உப்பும் அதிகமாக இருக்கும். நல்லதுதானே? உப்பு எடுக்கும் தொழிலுக்கு உப்புதான் சரக்கு.

3. டெமோ பார்த்து இயந்திரம் வாங்குங்கள். டெமோ மட்டும் பார்த்து வாங்குங்கள்.

விற்பனைப் பையன் இரண்டு கண்ணாடி டம்ளரைக் கேட்பான். ஒன்றில் உங்கள் போர்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டு டம்ளர் மேலும் வைத்து பிளக்கில் மாட்டுவான். ஒரு நிமிடம் ஆகாது. உங்கள் டம்ளரில் முதலில் நூல் நூலாகப் பச்சை இறங்கும், பிறகு துருப்பிடித்த செம்பழுப்பு, கடைசியில் மேலே சாக்கடை நுரைபோல ஒரு ஏடு. அவன் டம்ளர் அப்படியே பளிங்காக இருக்கும். “இதத்தான் அண்ணே இத்தன நாளா குடிச்சுக்கிட்டு இருந்தீங்க” என்பான். வீட்டில் உள்ளவர்கள் வாயில் கையை வைப்பார்கள்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்புக் கம்பி கரையும், கலங்கும். உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி சும்மா நிற்கும். அவனுடைய டம்ளரிலும் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டால் அதே சாக்கடை வரும். ஆனால் தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள். இயந்திரத்தோடு அந்தப் பெட்டியையும் பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஜவுளிக்கடை முதலாளியின் மேஜையில் அதை வைக்கப்போவது நீங்கள்தான்.

4. முன் வடிகட்டிகளைக் கழித்துக்கட்டுங்கள்.

முறையாகச் செய்பவர்கள் முதலில் மணல் வடிகட்டி, அடுத்து கார்பன், அடுத்து சுண்ணாம்பு படியாமல் தடுக்க ஒரு ஏற்பாடு, அதற்குப் பிறகுதான் ஆர்.ஓ. மெம்பரேன், கடைசியில் ரெசின் என்று ஊர்வலம் விடுவார்கள். செலவு கூடிக்கொண்டே போகும். நேராக மெம்பரேனில் விடுங்கள்.

1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோயபும், இந்தியாவில் இருந்து போன ஸ்ரீநிவாச சௌரிராஜனும் உப்பை வடிக்கும் மெம்பரேனை முதன்முதலில் உருப்படியாகச் செய்துகாட்டினார்கள். அது செல்லுலோஸ் அசிடேட், குளோரினைக் கொஞ்சம் தாங்கும். இன்று கடையில் கிடைப்பது பாலிஅமைடு. குளோரின் பட்டால் கெட்டுப்போகும். அதைத் தடுக்கத்தான் கார்பன். நீங்களோ கார்பனைக் கழித்துவிட்டீர்கள். இப்போது சம்ப்பில் பாசி பிடிக்கிறது என்று பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுங்கள். சில மாதங்களில் மெம்பரேன் உப்புக்கு வழிவிட ஆரம்பித்துவிடும். “டூப்ளிகேட் மெம்பரேன் குடுத்துட்டான்” என்று கடைக்காரர்மேல் பாயுங்கள். அவரும் பாலிஅமைடு பற்றி எதுவும் சொல்லமாட்டார். அடுத்த மெம்பரேனும் அவரிடம்தான் வாங்கப்போகிறீர்கள்.

5. ரெசினுக்கு எல்லா வேலையும் கொடுங்கள்.

ரெசின் என்பது மீன்முட்டை போன்ற சின்னச் சின்ன மணிகள். தண்ணீரில் மிச்சம் இருக்கிற உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, உப்பை அளக்கும் மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. நல்ல மெம்பரேன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உப்பை எடுத்துவிட்டால் 1500 என்பது 75 ஆகிவிடும். மிச்சத்தை ரெசின் பார்த்துக்கொள்ளும். மெம்பரேன் போய்விட்டால் 1500-ம் ரெசின் தலையில்தான் விழும். இருபது மடங்கு சுமை. ஒரு வருடம் வர வேண்டிய சரக்கு மூன்று வாரத்துக்குள் தீரும். ரெசின் வியாபாரி உங்கள் வீட்டுக் காதணி விழாவுக்கு முதல் ஆளாக வந்து பெரிய மொய்யாக எழுதுவார்.

எப்போது மாற்றுவது என்று கேட்கிறீர்களா? தீர்ந்துபோன ரெசினில் இருந்து சில சமயம் கவிச்சி வாடை வரும். அதுவரை காத்திருங்கள். ஹோட்டல் கண்ணாடி என்றால் வாடிக்கையாளர் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டார்.

6. ஜீரோ தண்ணீரை மொட்டைமாடியில் மூடியில்லாத தொட்டியில் சேமியுங்கள். அங்கிருந்து இரும்புக் குழாயில் இறக்குங்கள். உப்பில்லாத தண்ணீர் பசியோடு இருக்கும். காற்றில் இருப்பதையும் குழாயில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். கீழே வந்துசேரும்போது அது ஜீரோவாக இருக்காது. இருந்தாலும் பிளாண்ட் வாசலில் பார்த்த எண்தான் கணக்கு.

7. மீட்டரை மரியாதையோடு நடத்துங்கள்.

இரவு முழுக்க நின்றிருந்த இயந்திரத்தைக் காலையில் ஓட்டினால் முதலில் வரும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். மெம்பரேனுக்கு அந்தப் பக்கத்து உப்பு இரவோடு இரவாக மெதுவாக இந்தப் பக்கம் கசிந்திருக்கும். அந்தத் தண்ணீரைத் தனியாகக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொட்டாதீர்கள், தொட்டிக்கே விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மீட்டரை நனையுங்கள். ஜீரோ வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுங்கள். அதற்குப் பிறகு மீட்டரை உறையில் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். அடிக்கடி எடுத்தால் பேட்டரி போகும், மனநிம்மதியும் போகும்.

8. கம்பம்.

கார்பன் ஃபைபரில் வாங்குங்கள். இலகுவாக இருக்கும், வேலைக்கு வைத்த பையன் நாள் முழுக்கத் தூக்கலாம். பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். மின்கம்பியின் படத்தைப் போட்டு அதன்மேல் சிவப்புக் கோடு அடித்திருப்பார்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்று அதற்குப் பொருள். நம் கடைவீதியில் ஈ.பி. கம்பி பால்கனியைத் தொட்டும் தொடாமலும் போகிறது, ஆகவே அந்தத் தாள் வேறு ஏதோ தேசத்துக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். “சுத்தத் தண்ணி கரண்ட்ட கடத்தாதுல்ல, டெமோலயே பாத்தமே” என்று பையனிடம் தைரியம் சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றுகொள்ளுங்கள். லைனை நிறுத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க மின்வாரிய அலுவலகம் வரை யார் நடப்பது? பையனுக்கு நாள் கூலி. அவனுக்கு இன்ஷூரன்ஸ் என்ற பேச்சை நீங்கள் எடுக்காதவரை அவனும் எடுக்கமாட்டான்.

9. இப்போது கண்ணாடி.

கட்டடம் கட்டியபோது தெறித்த சிமெண்ட், பல வருடமாக உப்புத் தண்ணீரில் கழுவிக் கல்லாய் இறுகிப்போன வெள்ளைத் திட்டு, இவை எந்தச் சுத்தத் தண்ணீருக்கும் அசையாது. பேச்சுவார்த்தையின்போது இதைச் சொல்லிவிடாதீர்கள். வேலை தொடங்கிய பிறகு பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுங்கள். திட்டு போகும். அலுமினியச் சட்டமும் கூடவே பொரிந்துவிடும். அது தனி பில்.

உச்சி வெயிலில்தான் கழுவ வேண்டும். நீங்கள் அலசுவதற்குள் தேய்த்த தண்ணீர் காய வேண்டும்.

இதுவரை எல்லாம் சரியாகச் செய்திருந்தால், அதாவது பிழையாகச் செய்திருந்தால், இரண்டாவது மாடியிலேயே ஜீரோ தண்ணீர் தீர்ந்திருக்கும். பதறாதீர்கள். கடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கும். கடைசி அலசலை அதில் முடியுங்கள். 1500 தண்ணீர் பத்து லிட்டர் கண்ணாடியிலேயே காய்ந்தால் பதினைந்து கிராம் உப்பு மிஞ்சும், கிட்டத்தட்ட ஒரு மேஜைக்கரண்டி. காலையில் இருந்து அதை எடுக்கத்தான் மூன்று மோட்டார் ஓட்டினீர்கள்.

சாயங்காலம் முதலாளி வெளியே வந்து நிமிர்ந்து பார்ப்பார்.

“என்னப்பா இது, கண்ணாடி பூராம் வெள்ள வெள்ளயா இருக்கு?”

“அண்ணே, அது உள்ளுக்குள்ள ஊறிப்போன பழைய உப்பு. இப்பத்தான் வெளிய வருது. இன்னும் ரெண்டு தடவ கழுவுனா போயிரும்ணே.”

மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

10. கழிவு. இங்கேதான் சாமர்த்தியம் வேண்டும்.

ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சின்ன இயந்திரத்தில் நாலு லிட்டர் விட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று லிட்டர் கழிவு. நாலு லிட்டரில் இருந்த உப்பும் அந்த மூன்று லிட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே போனது 1500, வெளியே வருவது ஏறக்குறைய 2000. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் வீட்டு ஆர்.ஓ.க்களைப் பற்றி ஓர் உத்தரவு போட்டது. கரைந்த உப்பு (டிடிஎஸ்) 500-க்குக் குறைவான இடத்தில் ஆர்.ஓ.வுக்குத் தடை, மற்ற இடத்தில் உள்ளே விட்டதில் 60 சதவீதத்துக்கு மேல் நல்ல தண்ணீராக மீட்க வேண்டும், இப்படி விதி கொண்டுவரச் சொன்னது. முதல் பாதியைப் படித்து மகிழுங்கள். 500 நம் ஊருக்கு எட்டாத ஆழம். இரண்டாம் பாதியைப் படிக்கும்போது கண் கூசும், விட்டுவிடுங்கள்.

இனி, கழிவை எங்கே விடுவது? தெருவில் விட்டால் சண்டை. பக்கத்துத் தென்னைக்கு விட்டால் தென்னை காட்டிக்கொடுத்துவிடும். கக்கூஸ் கழுவவோ வண்டி கழுவவோ தனித் தொட்டி வைத்தால் செலவு. ஆகவே பழைய போர் ஒன்று வற்றிக் கிடக்குமே, அதற்குள் விடுங்கள். மேலே ஒரு போர்டு மாட்டுங்கள்: ‘நிலத்தடி நீர் செறிவூட்டல் அமைப்பு’. அதிகாரிகள் வந்தால் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதில் உள்ள வியாபார நுட்பத்தைக் கவனியுங்கள். இன்று நீங்கள் விட்ட 2000 நாளை பக்கத்துப் போரில் ஏறும். அவர்கள் குழாயில் வெள்ளை பூக்கும், ஜன்னலில் திட்டு படியும், பருப்பு வேகாது. பெட்டியை எடுத்துக்கொண்டு டெமோ காட்டப் போங்கள். உங்கள் சொந்தப் போரும் 1500-ல் இருந்து மெல்ல ஏறும், நீங்கள் பெரிய மெம்பரேன் போடுவீர்கள், அது இன்னும் கூடுதலாகக் கழிக்கும். வெளியில் இருந்து மூலப்பொருள் வாங்க வேண்டாத தொழில் வேறு எது இருக்கிறது?

11. ஓர் எச்சரிக்கை.

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. வைகை அணையில் இருந்து நம் பக்கம் வரும் 58 கிராமக் கால்வாய். அதில் தண்ணீர் விட்டுக் கண்மாய்கள் நிரம்பினால் கிணறு ஊறும், போரில் மட்டம் ஏறும், உப்பு இறங்கும். நல்லவேளையாக வைகையின் முழு மட்டம் 71 அடி. அணை 67 அடியைத் தொட்டால்தான் அந்தக் கால்வாயைத் திறக்கும் பேச்சே எடுப்பார்கள். கால்வாயைத் திறக்கச் சொல்லி ஊரில் கடையடைப்பு நடந்தால் நீங்களும் ஷட்டரை இறக்கிவிட்டு முன்வரிசையில் உட்காருங்கள், கோஷத்தை மட்டும் வாய்க்குள் போடுங்கள். மற்ற நாட்களில், பங்குச்சந்தைக்காரர் சென்செக்ஸ் பார்ப்பதுபோல, காலையில் எழுந்ததும் பேப்பரில் அணை மட்டத்தைப் பாருங்கள். 62 என்றால் நிம்மதியாக டீ குடிக்கலாம். 65 என்றால் புது மெம்பரேன் ஆர்டரை நிறுத்திவையுங்கள். முதலாளிமாரோடு போடும் வருடாந்தர ஒப்பந்தத்தில் ஒன்பதாவது ஷரத்தாக, சின்ன எழுத்தில், இதைச் சேர்த்துவிடுங்கள்: ‘அணை 67 அடியைத் தொட்டாலும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.’