காலியானாலும் கனம்

வருடத்துக்கு இரண்டு முறை அந்தமானில் முக்குளிக்கும் நண்பர், சொந்தமாக ஸ்கூபா சிலிண்டர் வாங்கியதை மனமார ஆதரிக்கிறேன். அதுவும் எஃகு!

வாடகைக்குத் தரும் அலுமினிய சிலிண்டர் நன்றி கெட்டது. உள்ளே காற்று தீரத் தீர லேசாகி, கடைசியில் ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு ஆளையே மேலே தூக்கும். அதை அடக்க இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். எஃகு அப்படியல்ல, காலியானாலும் மூழ்கும். விசுவாசம் என்றால் இதுதான். தூத்துக்குடியில் அந்தக் காலத்து முத்துக்குளிப்போர் வெறும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், பாவம்.

உப்புத் தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடிக்குமாம். பிடிக்கட்டுமே! அதற்காகத்தானே வருடத்துக்கு ஒருமுறை உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதும், 5 வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும்? நண்பர் தன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து 7 வருடமாகிறது. அது வேறு விஷயம்.

காற்று நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அது வரவேற்பறை மூலையில் பத்திரமாக நிற்கிறது. அந்தமானில் அவர் முதுகில் ஏறுவது அதே வாடகை அலுமினியம்.

போன வாரம் சமையல் காஸ் கொண்டுவந்தவர் மூலையில் நின்ற எஃகு சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "சார், இந்தக் காலியையும் எடுத்துக்கவா?" என்றார். நண்பர் துடித்துப்போனார்.

அண்ணி மட்டும் உள்ளேயிருந்து கேட்டார்: "ஏம்ப்பா, மாத்தி ஃபுல்லு தருவீங்களா?"