முட்டைக்குளிப்பு: ஒரு பூர்வாங்க ஆய்வு

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கம் வந்து பார்த்ததில்லை. மாநகராட்சி எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்த ஊரில், நாலு வெள்ளாடும் பத்துக் கோழியும் உள்ள எந்த வீட்டுப் புறவாசலிலும் குளிப்பு இன்றும் தடையில்லாமல் நடக்கிறது. தேடும் பொருள் மட்டும் நாட்டுக்கோழி முட்டை.

வேதியியல்காரர்கள் இதைப் பெரிய வித்தியாசமாகக் கருதமாட்டார்கள். முத்திலும் முட்டை ஓட்டிலும் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்தான். சிப்பி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பூசுவதைக் கோழி சுமார் 20 மணி நேரத்தில் பூசி முடிக்கிறது. முழு முட்டை உருவாக ஒரு நாளும் கொஞ்சமும் ஆகும். அந்தக் கொஞ்சத்தினால்தான் நேற்று எட்டு மணிக்கு இட்ட கோழி இன்று ஒன்பது மணிக்கு இடுகிறது. தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் லீவும் போட்டுவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தோல்முட்டை விழும். அதற்கு மருந்து கடற்கரையிலேயே கிடக்கிறது. சிப்பி ஓட்டை இடித்துத் தவிட்டில் கலந்து வைத்தால் ஓடு கெட்டிப்படும். ஆக, முத்தாக முடியாத சிப்பி முட்டையாக மறுபிறவி எடுக்கிறது என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. குறைந்த தகுதிக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

இனி ஆய்வுமுறை. முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் தளத்துக்குப் பார் என்று பெயர். சிப்பி முற்றிவிட்டதா என்று பார்களைச் சோதித்த பிறகுதான் அரசாங்கம் குளிப்புக்கு நாள் குறித்துவந்தது. நம் துறையில் இந்தச் சோதனை ஆச்சியின் பொறுப்பு. விடியக்காலை பஞ்சாரத்தைத் தூக்கும்போதே கோழியைக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்து, “இதுக்கு இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லுவாள். இருக்கிறது பஞ்சாரத்துக்குள் திரும்பிப் போகும். இல்லாதது மேயப் போகும். ஆச்சி மகள் வீட்டுக்குப் போன நாட்களில்தான் எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு வேலை வருகிறது.

மாப்பிள்ளையூரணியில் அறியப்பட்ட பார்கள்: பனையோலைக் குவியல், ஆட்டுக்குக் குழை கட்டும் மூலை, ஓடாத மொபெட்டின் மேல் போர்த்திய தார்ப்பாய், விறகு அடுக்கு. இவற்றுள் வளம் மிக்கது விறகுதான். முட்டையிட்ட கோழி கேறும், கேறும் இடத்தைத் தேடிப் போனால் முட்டை கிடைக்கும் என்று ஒரு பழைய கொள்கை உண்டு. அதை நம்பியவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். கோழி விறகுக்குள்ளிருந்து சத்தமில்லாமல் இறங்கி, துணி காயும் கொடிக்கயிறு வரை நடந்து, அங்கே நின்று ஊரைக் கூட்டும். ஆய்வாளர் கொடியடியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அது ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்.

கடலில் காலில் கல் கட்டி இறங்கியவர் ஒருவர், மேலே தோணியில் கயிறு பிடித்தவர் ஒருவர். விறகில் இறங்குகிறவன் ஆறாம் வகுப்பு படிக்கும் தம்பி. கணுக்காலைப் பிடித்துக்கொள்பவள் அவன் அக்கா.

“ஏலே, கிடக்கா?”

“கிடக்கு, நாலு கிடக்கு. இழு அக்கா, முள்ளு குத்துது.”

உடைமுள் வெள்ளையாய், நீளமாய் இருக்கும். கையில் முட்டையோடு வெளியே வருகிறவனால் சட்டையில் மாட்டிய முள்ளை எடுக்கவும் முடியாது. கடலில் சுறாவை மந்திரத்தால் கட்டிவைக்கக் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. விறகில் சாரைப்பாம்பைக் கட்ட அப்படி யாரும் இல்லை. கம்பால் நாலு தட்டு, அவ்வளவுதான் மந்திரம்.

எல்லா முட்டையையும் எடுத்துவிடக் கூடாது, ஒன்றை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி இடம் மாறிவிடும். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் சிறு மணி ஒன்றை வைத்து, அதைச் சுற்றி முத்து வளரச் செய்தார்கள். உலகம் பாராட்டியது, நியாயமே. ஒன்றை வைத்து ஒன்றை வாங்கும் அதே தத்துவத்தை ஆச்சி விறகு அடுக்கில் வெகுகாலமாகக் கடைப்பிடித்து வருகிறாள். அவளை யாரும் கருத்தரங்குக்குக் கூப்பிடவில்லை.

பங்கீட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. எங்கள் வீட்டில் மொத்தமும் அரசுக்கு. குளித்தவனுக்கு ஒரு ஆம்லெட், அதுவும் பாதி அக்காவுக்கு.

உண்மையான சிக்கல் எல்லைப் பிரச்சினை. நம் கோழி அடுத்த வீட்டு விறகில் இட்டால் முட்டை யாருக்கு? பக்கத்து வீட்டு மயினி நல்லவர், வந்து சொல்லிவிட்டார். சொன்னது மட்டும் 21 நாள் தாமதம்.

“ஒங்க கோழிதான் மயினி எங்க விறகுல இட்டிருக்கு. எங்க கோழி அடைக்குக் கெடந்துச்சா, அதுல வச்சிட்டேன். பதினொன்னு பொரிச்சிருக்கு.”

இட்டது எங்கள் கோழி, அடை காத்தது அவர்கள் கோழி, விறகு அவர்களுடையது, அதுவரை தின்ற தவிடு எங்களுடையது. சிப்பிச் சட்டத்தில் இதற்கு முன்மாதிரி கிடையாது. எந்தச் சிப்பியும் அடுத்தவர் சிப்பியின் முத்தின்மேல் உட்கார்ந்து குஞ்சு பொரித்ததில்லை. ஆச்சி இரண்டு பெட்டைக் குஞ்சு கேட்டாள். இந்தப் பருவத்தில் பெட்டை எது சேவல் எது என்று யாருக்குத் தெரியும் என்றார் மயினி. வழக்கு கோயில் கொடை வரை நிலுவையில் கிடந்தது. கொடைக்கு மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையச் சேவல் குழம்பு வந்தது. ஆச்சி மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு அடிவரை கிண்டிப் பார்த்தாள்.

“வழக்கு முடிஞ்சுது” என்றாள். கால் துண்டு ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் மேல்முறையீட்டில் இருக்கிறது.