ஓட்டுக் கேட்கும் வாய், உண்டியல் ஏந்தும் கை

கேள்வி: அரசியல் பேசக் கூடும் பெண்கள் மன்றத்துக்குப் பழைய மாளிகையும் பள்ளிப் பிள்ளைகளும் எதற்கு?

பதில்: ஓட்டு கைக்கு வந்தால் போதுமா, உட்கார்ந்து பேச இடம் வேண்டாமா? அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை 1920-ல் அரசியல் சாசனத்தில் ஏறியது. 1922-ல் வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சிப் பெண்கள் தேசிய மன்றம் தொடங்கினார்கள். 1927-ல் விட்டிமோர் மாளிகையையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 1890-களில் சாரா ஆடம்ஸ் விட்டிமோர் என்ற பாடகிக்காகக் கட்டிய செங்கல் வீடு அது. முன்பக்கம் துருத்தி நிற்கும் செப்புத் தகட்டு ஜன்னல் ஒன்றே போதும், நின்று பார்க்க! எலினார் ரூஸ்வெல்ட்டும் இங்கே உறுப்பினராக இருந்தவர்.

அமெரிக்கச் சட்டப்படி, வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை வேட்பாளருக்குப் பிரசாரம் செய்யக் கூடாது. அதனால் வீட்டைக் காக்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்விப் பணிக்கும் தனி அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்கும் வாய் வேறு, உண்டியல் ஏந்தும் கை வேறு. வாக்காளர் பட்டியலில் பெயரே ஏறாத பிள்ளைகளுக்கு உழைத்தால் ஒரு ஓட்டும் விழாது. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுவது அதனால்தான்.

வாஷிங்டன் போகிறவர்கள் வெள்ளை மாளிகையைப் பார்த்த கையோடு இந்த வீடு இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.