35 மில்லிமீட்டர் குற்றம்

காரைத் தாழ்த்துவது ஒரு கலை. கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி இரண்டு விரற்கடை கீழே இறங்கி உட்காரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி அடைபடும். வளைவில் ஒடித்துத் திருப்பினால் வண்டி அவ்வளவாகச் சாயாது. பார்க்கவும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் 1951-இல் தொடங்கிய ஐபாக் போன்ற கம்பெனிகள் இந்த ஸ்பிரிங்கை உலகமெல்லாம் விற்கின்றன. அந்த ஊர் ரோட்டுக்கு அது சரி. நம் புதுச்சேரித் தம்பிமார்களோ வில்லியனூரிலும் பாகூரிலும், வீட்டு வாசலில், யாருக்கும் கூலி கொடுக்காமல், தாங்களே மாட்டப் போகிறார்களாம். மாட்டட்டும். எனக்குத் தெரிந்த செய்முறையைச் சொல்கிறேன்.

முதல் தேவை சமதளம். பாதிப் பேருக்கு இங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். வாசலில் இருப்பது தெருவா, தழும்பா என்று சொல்ல முடியாது. குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, சாக்கடைக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை வெட்டி, ஒவ்வொரு முறையும் தோண்டிய மண்ணையே மேலே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாகூர்ப் பக்கம் நம்பி ஜாக்கி வைக்கக்கூடிய தரை என்றால் அது நெல் காயவைக்கும் சிமென்ட் களம்தான். களம் காலியாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள். நெல் ரோட்டில் காய்கிறது.

வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கல் போடுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை விடுவித்து, லிங்க் ராடைத் தனியே எடுத்து, கீழே இரண்டு போல்ட், பானெட்டுக்குள் மேல் நட்டு என்று கழற்றினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கையோடு வரும். இனிமேல்தான் உயிர் போகிற வேலை. நடு நட்டில் ஸ்பானரை வைப்பதற்கு முன்னால் ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங்குக்குள் நூற்றுக்கணக்கான கிலோ விசை ஒடுங்கிக் கிடக்கிறது. கொக்கி நழுவினால் அது தாடையைப் பார்த்துத்தான் வரும். கம்ப்ரஸர் இல்லை, கம்பி கட்டிச் சமாளிக்கிறேன் என்கிறவர்களுக்கும், புது ஸ்பிரிங் எதற்கு, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றைக் கிரைண்டரில் அறுத்துவிடலாம் என்கிறவர்களுக்கும் என்னிடம் செய்முறை இல்லை. அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. எங்காவது குதிக்கும்போது இடம் மாறும். பின்பக்கம் சுலபம்: ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி அச்சை மெல்ல இறக்கினால் நம் சின்னக் கார்களில் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்குங்கள். நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். போகாவிட்டால் டயரின் உள்விளிம்பு சில மாதத்தில் மொட்டையாகிவிடும்.

அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு ரோட்டில் இறங்கியாக வேண்டுமே. அங்கேதான் அரசாங்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சின்னக் கார் ஒன்றின் வயிறு தரையிலிருந்து சுமார் 163 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் 35 மில்லிமீட்டர் இறக்கினீர்கள், மிச்சம் 128. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இலேயே எழுதி வைத்திருக்கிறது. (கட்சி இல்லை, பொறியாளர்களின் அமைப்பு. அதனால்தான் அது சொல்வதை யாரும் கேட்பதில்லை.) உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேல்புறம் மெல்லிய வளைவு. காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இருப்பது இரண்டரை மீட்டர்தான். எனவே அந்த அகலத்துக்குள் முன்னும் பின்னும் சேர்ந்தே மேட்டில் நிற்கும், வயிறு தட்டாது. ஆகச் சட்டப்படி போட்ட வேகத்தடையை உங்கள் சட்டவிரோதக் கார் சுகமாகத் தாண்டிவிடும். நம் ஊரில் போட்டிருக்கிற சட்டவிரோத வேகத்தடையைத்தான் சட்டப்படியான காரால்கூடத் தாண்ட முடிவதில்லை.

நம் ஊர் வேகத்தடை பிறக்கும் விதம் எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒரு பிள்ளையை வண்டி அடிக்கிறது. ஊர் மறியலில் உட்காருகிறது. இன்ஸ்பெக்டர் வருகிறார், எம்எல்ஏ வருகிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது. பொழுது சாய்வதற்குள் எங்கோ மிஞ்சிய தாரையும் ஜல்லியையும் கொண்டுவந்து குறுக்கே கொட்டி, ரோலர்கூட ஏற்றாமல், மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை, விளக்கும் இல்லை. மறுவாரம் இருட்டில் இரண்டு பேர் பைக்கில் வந்து அதிலேயே விழுகிறார்கள். 2015-ஆம் ஆண்டு வேகத்தடைகளில் நடந்த விபத்துகளில் மட்டும் நாடு முழுக்க 3,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கே சொன்னது. விபத்தைத் தடுக்கக் கட்டியதன் மேல் விழுந்து இத்தனை பேர் செத்திருக்கிறார்கள். எவர் வேலையும் போனதாகத் தெரியவில்லை.

உங்கள் கார் அந்த மேட்டில் ஏறும்போது கீழே ஒரு சத்தம் கேட்கும். ஆயில் சம்ப். கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு எரியும்; அதையும் மீறி ஓட்டினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவார். ரோட்டைப் பார்க்க மாட்டார். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார், போய்விடுவார். காசு உங்கள் கையிலிருந்துதான்.

சட்டம் உங்களை விடாது, தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதிய 182ஏ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நல்ல சட்டம். எனக்கு மறுப்பில்லை. அந்தத் திருத்தத்திலேயே இன்னும் சில பக்கம் தள்ளி 198ஏ என்று ஒன்று இருக்கிறது, அதையும் வாசியுங்கள். ரோட்டை வடிவமைத்தவரும், போட்டவரும், பராமரிப்பவரும் விதித்த தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் யாராவது செத்தாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை இல்லை. நீங்கள் 35 மில்லிமீட்டர் இறக்கினால், யாருக்கும் ஒரு கீறல் விழாவிட்டாலும் குற்றம், கம்பி எண்ணலாம். அவர்கள் ரோட்டை ஒரு முழம் தோண்டினால் தண்டனைக்கு முதலில் ஒரு பிணமோ ஒரு காலோ விழ வேண்டும். விழுந்த பிறகும் காசோலையோடு கதை முடிந்தது.

உலகத்திலேயே தாழ்வான கார்கள் நம் பதிவேட்டில்தான் இருக்கின்றன என்று வேறு பெருமை. 2017-இல் வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? கேரளத்தில் லட்சம் லட்சமாக வரி கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கார்களை, இங்கே வாழாதவர்கள் இங்கே வாழ்வதாக முகவரி காட்டி, சொற்ப வரியில் பிஒய் 01 பலகை மாட்டிக்கொண்டு போனார்கள். சினிமாக்காரர்கள் பெயரெல்லாம் அடிபட்டது. அந்தக் கார்கள் புத்திசாலிகள். புதுச்சேரியின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டன. புதுச்சேரியின் ரோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, ரோட்டைப் பற்றி யாரிடம் கேட்பது? கலிஃபோர்னியாவில் 1958-இல் தாழ்த்திய கார்களுக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். மெக்சிகோ வழிவந்த பையன்கள் ஹைட்ராலிக் மாட்டி, போலீஸைக் கண்டால் காரை உயர்த்தி, அவர் போனதும் இறக்கினார்கள். அந்த மாநிலச் சட்டசபையே அந்தத் தடையை நீக்கி, 2024-இல் அது ஒழிந்தது. காலம் பிடித்தது, ஆனால் போய்க் கேட்க ஓட்டு வாங்கியவர் ஒருவர் இருந்தார்.

நமக்கு? காலனிக்காரனான பிரெஞ்சுக்காரன் 1880-இலேயே இந்தக் கொம்யூன்களுக்கு, அதாவது உள்ளாட்சிப் பகுதிகளுக்கு, தேர்ந்தெடுத்த சபை கொடுத்தான். அந்தத் தேர்தல்களில் அடிதடி இருந்தது, கள்ள ஓட்டு இருந்தது, தேர்தலும் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று, இதோ வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்று ஓட்டுப் போட்டார்கள். கொம்யூன் உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். சேர்ந்தோம். 1968-இல் ஒரு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல். நடுவில் 38 ஆண்டு. 2011-இல் அந்தப் பதவிக்காலமும் முடிந்து நாற்காலிகள் காலியாயின. 2021-இல் தேதி அறிவித்து, இட ஒதுக்கீட்டுக் குளறுபடியில் கோர்ட் வரை போய், அறிவிப்பையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று அரசியல் சாசனம் சொன்னதை இவர்கள் மாற்றிக்கொண்டதற்கு எந்தப் பிரிவில் எத்தனை ரூபாய் அபராதம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளமான ரோட்டுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் வடம் பிடிக்கத் துணைநிலை ஆளுநரே வருகிறார், பிரெஞ்சுக் கவர்னர் காலத்துப் பழக்கம். தேர் வருகிறதென்றால் வீதி தானாகச் சமமாகிவிடுகிறது. ஆகப் பொறியியல் தெரியாமலில்லை. மற்ற நாட்களில் பெரியவர்கள் வரும் வண்டிகள் உயரமானவை. பள்ளம் அவர்கள் இடுப்புவரை ஏறுவதில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டி ரோட்டைக் கரைத்தபோதும் அந்த வண்டிகளில் வந்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனவே தம்பிமார்களே, உங்கள் காரை விடுங்கள். கம்ப்ரஸரும் ஸ்டாண்டும் இருக்கின்றன, கை பழகியும் விட்டது. பொதுப்பணித் துறை, கொம்யூன் அலுவலகம், அமைச்சர், எம்எல்ஏ, பில் போடுகிற காண்டிராக்டர், எல்லார் வண்டியையும் வரிசையாகக் களத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆளுக்கு 35 மில்லிமீட்டர். கூலி வேண்டாம். புது ரோட்டுக்குப் பில் பாஸாவதற்கு முன்னால் அந்த வண்டியில், பின் சீட்டில் மூன்று பேரோடு, பாகூரிலிருந்து வில்லியனூர் வரை ஒருமுறை போய்வரட்டும். வண்டிக்கு 5,000 வீதம் அபராதத்தை நாங்களே ஊரில் வசூல் செய்து கட்டிவிடுகிறோம். ரசீது மட்டும் தரச் சொல்லுங்கள். ரோட்டுக்கு இவர்கள் தருகிற முதல் ரசீதாக இருக்கும்.